போகும் ஊர், வந்த ஊர்

மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் பெருந்தெரு கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, மஹய்யாவ ஓரமாக மேடேறி நகரத்துக்குள் இறங்குகிறது. இப்போது அதற்கு ஏ9 என்று பெயர். கோப்பிக் காலத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்ச் சனங்கள், காட்டுவழியே நடந்து தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டியை எட்டியது ஏறக்குறைய இந்தத் திசையாகத்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோச்சி கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் வந்தது. அதற்குள் கோப்பியின் காலமே முடியத் தொடங்கியிருந்தது.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு, தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதில் ஒரு புது ஏற்பாடு வந்தது. டின் டிக்கெட் என்றார்கள். துளையிட்டுக் கோத்துக்கொள்ளக்கூடிய சின்னத் தகரம். அதில் மாவட்டத்துக்கும் தோட்டத்துக்கும் உரிய குறிகள் அடிக்கப்பட்டிருக்கும். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் முதலில் ஒரு முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் மண்டபம் முகாம் பெரிதாயிற்று. அங்கே நோய்த்தடைக்காக நாட்கணக்கில் நிறுத்திவைத்து, மருந்தடித்து, ஊசி போட்டு, தகரத்தைப் பார்த்து அனுப்பிவைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தான் போகும் தோட்டத்தின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர், கடலும் மலையும் தாண்டி அந்தத் தோட்டத்து வாசலில் போய் நிற்பார். வழியில் எந்த உத்தியோகத்தரும் அவரிடம் வாய்திறந்து எதையும் கேட்கவேண்டியதில்லை. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது யார் தலையில் விழுந்தது என்பதை மலையகத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆளின் பெயர், ஊர், சாதி, தகப்பன் பெயர் எல்லாம் ஏடுகளில் எழுதப்பட்டன. தகரத்தில் அவை கிடையா. போகவேண்டிய இடத்தின் குறிதான் அதில் இருந்தது. இந்த ஒரு விசயத்துக்காகத்தான், உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும்போது எனக்கு அந்தத் தகரம் ஞாபகத்துக்கு வரும்.

கலம் என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதை ஒரு பை நிறைந்த கஞ்சி போல நினைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அதற்குள் அடைபட்ட அறைகள் பல இருக்கின்றன. கரு ஓர் அறை. இழைமணி ஓர் அறை. அகமுதலுருச் சிறுவலை, கொல்கி உபகரணம், இலைசோசோம், பெரொக்சிசோம் என்று இன்னும் பல. ஒவ்வொன்றையும் சுற்றிக் கொழுப்பாலான மென்சவ்வு. புரதங்களோ பெரும்பாலும் அறைகளுக்கு வெளியே, குழியவுருவில் மிதக்கும் இறைபோசோம்களில்தான் பிறக்கத் தொடங்குகின்றன. ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள். ஒன்றின் வேலை கருவுக்குள், இன்னொன்றின் வேலை கலத்துக்கு வெளியே இரத்தத்தில். புரதமோ நீரில் நிற்பது, மென்சவ்வோ கொழுப்பு. தானாக ஊடுருவிப் போக முடியாது. யாரோ வாசல் திறக்க வேண்டும், எந்த வாசல் என்று யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும்.

புரதம் போகும் பாதையை முதலில் கண்ணால் கண்டவர் ருமேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜோர்ஜ் பலாடே. கினிப்பன்றியின் சதையியில் மூன்று நிமிடம் மட்டும் கதிர்வீசும் அமினோ அமிலம் கொடுத்து, அந்த மூன்று நிமிடத்தில் பிறந்த புரதங்கள் பிறகு எங்கெங்கே நிற்கின்றன என்று அவரும் கூட்டாளிகளும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் சிறுவலை. இருபது நிமிடமளவில் கொல்கி. இரண்டு மணித்தியாலம் ஆகும்போது, சுரக்கத் தயாராக நிற்கும் மணிகளுக்குள். 1974இல் நோபெல் பரிசு. பாதை தெரிந்துவிட்டது. அந்தப் பாதையில் எந்தப் புரதத்தை ஏற்றுவது, எதை ஏற்றாமல் விடுவது என்று முடிவு செய்வது எது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பதில் சொன்னவர் குன்ட்டர் புளோபெல். 1936இல் சிலேசியாவில் பிறந்தவர். அன்று ஜேர்மனி, இன்று போலந்து. 1945 தொடக்கத்தில் செம்படை நெருங்கியபோது, எட்டு வயதில், குடும்பத்தோடு மேற்கே ஓடினார். ஓடும் வழியில் டிரெஸ்டன் நகரத்தின் கோபுரங்களைக் கண்டார். சில நாட்களில் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்த வெளிச்சத்தைத் தொலைவிலிருந்து பார்த்தார். அவருடைய அக்கா ஒருத்தி அந்தப் போரின் கடைசி மாதங்களில் ரயில்மேல் நடந்த விமானத் தாக்குதலில் இறந்துபோனார். 1999இல் கிடைத்த நோபெல் பணத்தை, ஏறத்தாழப் பத்து லட்சம் டொலரை, டிரெஸ்டனின் பழைய தேவாலயத்தைத் திருப்பிக் கட்டவும் அங்கே புது யூதத் தொழுகைக்கூடம் எழுப்பவும் கொடுத்துவிட்டார்.

1971இல் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் ஓர் ஊகத்தை வெளியிட்டார்கள். ஆதாரம் அப்போது சொற்பம். வெளியே போகவேண்டிய புரதம் பிறக்கும்போதே அதன் தலைப்பக்கத்தில் ஒரு சிறு துண்டு எழுதப்பட்டிருக்கும். அந்தத் துண்டுதான் அதன் விலாசம் என்பது ஊகம். அடுத்த வருடம் கேம்பிரிஜ்ஜில் சீசர் மில்ஸ்டைன் குழுவினர், பிறபொருளெதிரிப் புரதமொன்றைக் கலத்துக்கு வெளியே கண்ணாடிக் குழாயில் செய்தபோது, அது இருக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பதைக் கண்டார்கள். 1975இல் புளோபெலும் டொபர்ஸ்டைனும் இதைக் குழாய்க்குள்ளேயே நடத்திக் காட்டினார்கள். தலைத்துண்டு பொதுவாகப் பதினைந்து முதல் முப்பது அமினோ அமிலம் வரை. நடுவில் தண்ணீருக்கு ஒதுங்கும் அமிலங்கள் நெருங்கி நிற்கும். அது இறைபோசோமிலிருந்து வெளியே தலைநீட்டியதும் ஒரு துணிக்கை வந்து அதைப் பற்றிக்கொள்கிறது. புரதம் வளர்வது சற்று நிற்கிறது. முழுத் தொகுதியும் சிறுவலையின் வாசலுக்கு நகர்கிறது. வாசல் திறந்து புரதம் உள்ளே நூலாக இறங்குகிறது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நிற்கும் ஒரு நொதியம் தலைத்துண்டை வெட்டி எடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"சேர், விலாசத்த வெட்டிட்டா பொறகு அது எங்க இருந்து வந்திச்சின்னு தெரியாதே?"

"தெரிய வேணாம்தானே. போய்ச் சேந்தாச்சி."

"எல்லாத்துக்கும் வெட்டிருமா சேர்?"

"இல்ல, கருவுக்குள்ள போறதுக்கு வெட்டாது."

"ஏன்?"

அந்தப் பிள்ளையின் வீடு மஹய்யாவயில். ஏன் என்ற கேள்விக்கு அன்று வகுப்பில் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். கருவுக்குப் போகும் புரதங்களின் விலாசம் மிகச் சிறியது. 1984இல் ஒரு குரங்கு வைரசின் புரதத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஏழே ஏழு அமிலங்கள், அதில் ஐந்து நேரேற்றம் கொண்டவை. அதை வெட்டாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கலங்கள் ஒவ்வொரு முறை பிரியும்போதும் கருவின் மென்சவ்வு கலைந்துபோகிறது. உள்ளே இருந்த புரதங்கள் எல்லாம் வெளியே கொட்டுண்டு, புதுக் கரு கட்டியானதும் திரும்ப உள்ளே போகவேண்டும். விலாசத்தை வெட்டியிருந்தால் ஒருதரம் வெளியே வந்தது வெளியேதான். ஆக, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான்: இனிப் போகவேண்டிய இடம் உண்டா, இல்லையா.

இந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமானது என்று எனக்கு உறைத்தது மின்மினியின் கதையில். மின்மினியின் வயிற்றில் வெளிச்சம் உண்டாக்கும் நொதியத்துக்கு லூசிபெரேஸ் என்று பெயர். அமெரிக்க மின்மினி ஒன்றிலிருந்து அதற்குரிய பரம்பரையலகை 1985இல் பிரித்தெடுத்தார்கள். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சுரேஷ் சுப்பிரமணியும் ஸ்டீவன் கூல்ட் முதலியோரும், மார்லின் டெலூக்காவோடு சேர்ந்து, அந்தப் பரம்பரையலகைக் குரங்கின் சிறுநீரகக் கலங்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். குரங்குக்கும் மின்மினிக்கும் என்ன உறவு? பல கோடி வருடங்களுக்கு முந்திய உறவு. ஆனால் குரங்கின் கலம் மின்மினியின் நொதியத்தைச் செய்து, நேரே தன் பெரொக்சிசோம்களுக்குள் கொண்டுபோய் வைத்தது. மின்மினியிலும் அது இருப்பது பெரொக்சிசோமில்தான். வாலில் சில அமிலங்களை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். நொதியம் வாசலிலேயே நின்றுவிட்டது. கடைசியில் 1989இல் விலாசம் மூன்றே எழுத்துக்குச் சுருங்கியது: செரின், லைசின், லியூசின். பெரொக்சிசோம் என்ற அறையே இல்லாத பற்றீரியாவின் புரதமொன்றுக்கு இந்த வாலை ஒட்டிவிட்டால், அதுவும் குரங்குக் கலத்தின் பெரொக்சிசோமுக்குள் போகும். மதுவம், தாவரம், பூச்சி, பாலூட்டி எல்லாவற்றிலும் இந்த வாசல் திறக்கும் முறை பொதுவானது என்று அடுத்த வருடமே காட்டினார்கள்.

பற்றீரியாவா, மின்மினியா, குரங்கா என்று வாசலில் எவரும் கேட்கவில்லை. வால் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இழைமணியே ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்து தங்கிவிட்ட பற்றீரியாதானே. இன்று மனித இழைமணி தன் சொந்த டிஎன்ஏயிலிருந்து செய்துகொள்வது வெறும் 13 புரதங்கள். மற்ற ஆயிரத்துச் சொச்சமும் கருவிலுள்ள கட்டளைப்படி வெளியே பிறந்து விலாசம் பார்த்து உள்ளே போகின்றன. யார் வீட்டுக்கு யார் வந்தவர் என்று இப்போது பிரித்தறிய முடியாது.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையின் மஹய்யாவயில் சில வீடுகளுக்கு இரண்டு விலாசம். குடியிருக்கும் விலாசம் ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதும் விலாசம் இன்னொன்று; வேறு ஊரில் இருக்கும் மாமா வீடோ சிநேகிதர் வீடோ அதற்கு உதவும். கண்டி மாநகரசபை 1865இல் உண்டானது. நகரத்தின் தெருவையும் கானையும் கக்கூசையும் சுத்தம் செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் மஹய்யாவயின் லயன்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பக்கத்திலேயே நகரத்தின் பொது மயானம். எசல பெரஹெர போய் முடிந்த இரவில் தெருவைக் கூட்டி விடியலுக்கு ஊரைத் திருப்பிக் கொடுப்பதும் இவர்கள் வேலைதான். இப்போது மஹய்யாவயில் ஆசிரியர் இருக்கிறார்கள், கணக்காளர் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர் இருக்கிறார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பெயரோடு மஹய்யாவ என்ற ஊர்ப்பெயர் சேர்ந்து ஒரு தாளில் வந்தால், வாசிக்கிறவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது. சிங்கள முகம் மட்டும் மாறுகிறது என்று சொல்லிவிட்டால் சுகமாக இருக்கும். யாழ்ப்பாணத்து முகமும் மாறும், தோட்டத்து முகமும் மாறும். பேராதனையில் சமூகவியல் படிப்பித்த காலிங்க டியூடர் சில்வாவும் பி. பி. சிவப்பிரகாசமும் பரம்சோதி தங்கேசும் 2009இல் இலங்கையில் மறைந்து நிற்கும் சாதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். கண்டியின் துப்புரவுத் தொழிலாளர் நிலை அதில் பேசப்படுகிறது. எங்கள் பக்கத்தில் அந்த நூலைப் பற்றிப் பேசக் கேட்டவர் குறைவு.

என் சந்தேகம் இதுதான். மஹய்யாவ என்று ஒரு பிள்ளை விண்ணப்பத்தில் எழுதும்போது, அவள் தரும் தகவல் கடிதம் வந்து சேரவேண்டிய இடம். வாசிப்பவர் எடுத்துக்கொள்ளும் தகவலோ அவளுடைய பாட்டனின் கையில் இருந்த விளக்குமாறு. தகரச் சீட்டு, அத்தனை கொடுமைக்கும் துணைபோன அந்தத் தகரச் சீட்டுக்கூட, ஆள் போகும் ஊரைத்தான் சொன்னது. நாங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்த ஊரைக் கழுத்தில் மாட்டிவிட்டோம். அது தோட்டத்து வாசலோடு முடியாத சீட்டு. பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைக்கும் இறங்கும்.

நாட்டுக்கும் இதே வியாதி. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தகப்பன் இங்கே பிறந்தவன், பாட்டன் இங்கே பிறந்தவன் என்று காட்டச் சொன்னார்கள். பிறப்பைப் பதிந்துவைக்காத லயத்துச் சனம் எதைக் காட்டும்?

இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சிறுபிள்ளை நோய் மனதில் வருகிறது. 1967இல் லெறோயும் டிமார்ஸும் சில குழந்தைகளின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த கலங்களில், உள்ளே கறுத்த பொதிகள் அடைந்து கிடப்பதைக் கண்டார்கள். உட்பொதிகளை வைத்தே அதற்கு ஐ-கல நோய் என்று பெயரிட்டார்கள். எலும்பு வளைந்து, முகம் தடித்து, வளர்ச்சி நின்று, குழந்தைகள் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டுவதில்லை. பொதிகள் எவை? இலைசோசோமுக்குள் கரைந்துபோகாத கழிவு. கழிவைக் கரைக்கும் நொதியங்கள் அங்கே இல்லை. அப்படியானால் அந்தக் குழந்தைகளுக்கு நொதியம் செய்யத் தெரியவில்லை என்றுதானே நினைக்கத் தோன்றும்? தேடிப் பார்த்தால், நொதியங்கள் கலத்துக்கு வெளியே, வளர்ப்புத் திரவத்தில் தாராளமாகக் கிடந்தன. வேலைத்திறனில் குறையில்லை. 1972இல் ஹிக்மனும் எலிசபெத் நியூஃபெல்டும் ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண கலங்கள் வெளியேற்றிய நொதியத்தை நோய்க்கலங்களுக்குக் கொடுத்தார்கள். அவை வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டன. நோய்க்கலங்கள் வெளியேற்றிய நொதியத்தைச் சாதாரண கலங்களுக்குக் கொடுத்தார்கள், அவை சீந்தவில்லை. வாசல் சரி, அறை சரி, நொதியத்தின் வேலை சரி. அடையாளம் ஒன்றுதான் இல்லை. பிறகு அந்த அடையாளம் மானோஸ்-6-பொஸ்பேற்று என்ற சிறு சீனி என்று தெரியவந்தது.

இந்தச் சீனி பிறக்கும்போதே எழுதப்பட்டது இல்லை. கொல்கி வழியாகப் போகும்போது ஒரு நொதியம் ஒட்டிவிடுவது. ஒட்டுகிற அந்த ஓர் உத்தியோகத்தர் வேலைக்கு வராவிட்டால், பத்துப் பன்னிரண்டல்ல, டசின் கணக்கான நொதியங்கள் வெளியே தள்ளப்படுகின்றன. உள்ளே செய்யவேண்டிய வேலை அப்படியே குவிந்து, கலமே அதில் மூச்சுமுட்டுகிறது.

1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த நாடற்றவர்களில் 9,75,000 பேரை இரண்டு நாடுகளுக்கும் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சனத்தில் ஒருவரிடமும் எங்கே போகிறாய் என்று முதலில் கேட்கவில்லை. தொகை முதலில், ஆள் பிறகு. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. அக்கரையில் இறங்கியதும் அதே மண்டபம் முகாம். பாட்டன் தகரத்தோடு தங்கிய இடத்தில் பேரன் பாஸ்போட்டோடு தங்கினான். அங்கேயும் அவனுக்கு வந்த ஊர்தான் பெயராயிற்று: சிலோன்காரன். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம்.

இடையில் ஒன்று. புளோபெலை ஓட வைத்தது போர். நியூஃபெல்ட் 1928இல் பாரிசில் பிறந்து, 1940இல் குடும்பத்தோடு ஐரோப்பாவை விட்டு ஓடி நியூயோர்க் போனவர். இலைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்தியன் டி டூவ் 1917இல் இங்கிலாந்தில் பிறந்ததே பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்திருந்ததால். மில்ஸ்டைன் ஆர்ஜெந்தீனாவின் அரசியல் அடக்குமுறைக்குப் பின் கேம்பிரிஜ் திரும்பியவர். ஊர்விட்டு ஊர் போனவர்கள் விலாசத்தைத் தேடிப் போனார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் அது கதை. இருபதாம் நூற்றாண்டில் எந்தத் துறையை எடுத்தாலும் இத்தனை அகதிகள் அகப்படுவார்கள்.

கதை கட்டுவதில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. சமூகத்தை உடம்பாக உருவகித்தவர்கள் எங்கள் நாகரிகத்தில் புதியவர்கள் இல்லை. முகத்திலிருந்து பிறந்தவர் யார், காலிலிருந்து பிறந்தவர் யார் என்று உடம்பை வைத்துத்தான் வகுத்தார்கள். மஹய்யாவயின் லயன்கள் அந்த வகுப்பின் கடைக்கோடி. ஆகவே கலத்தைப் பார்த்துச் சமூகம் பழகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கலத்துக்குக் கருணை கிடையாது. மடிப்பு சற்றுப் பிசகின புரதத்தைச் சிறுவலையிலேயே பிடித்து நிறுத்தி, வெளியே இழுத்துச் சிதைத்துவிடும். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்ற நோயில் குளோரைட்டுக்கு வழிவிடும் புரதத்தில் 508ஆம் இடத்து அமிலம் ஒன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு இல்லை. அந்தப் புரதம் தன் இடத்துக்குப் போனால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் வாசல் காவல் அதைப் போகவே விடுவதில்லை. நோயின் பெரும்பங்கு அந்த அளவுமீறிய கண்டிப்பால் வருவது. அந்தப் புரதத்தைக் காவல் தாண்டிக் கூட்டிப்போகும் மருந்துகளுக்கு 2015இல்தான் முதலில் அனுமதி கிடைத்தது.

வந்த ஊர் கேட்காத வாசலுக்கு விலையும் உண்டு. மண்டபத்தில் சனங்களை நாட்கணக்கில் அடைத்துவைத்ததற்கு அன்று சொன்ன முதற்காரணங்களில் ஒன்று வாந்திபேதி. நோயை உண்டாக்குவது பற்றீரியா வெளியேற்றும் ஒரு நஞ்சு என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார். அந்த நஞ்சு ஒரு புரதம். சிறுவலையிலேயே தங்கவேண்டிய புரதங்களுக்கு வாலில் நான்கு அமிலத்தாலான ஒரு விலாசம் இருப்பதை 1987இல் மன்றோவும் பெல்ஹமும் கண்டார்கள். தவறிக் கொல்கி வரை போய்விட்டால் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். வாந்திபேதி நஞ்சின் வாலிலும் அதே நான்கு எழுத்து. குடற்கலத்துக்குள் நுழைந்த நஞ்சு, சொந்தப் புரதத்தைப் போலப் பின்பாதையில் சிறுவலைக்குப் போய், அங்கே பிசகின புரதங்களை வெளியேற்றும் வாசல் வழியே குழியவுருவுக்குள் இறங்கிவிடுகிறது. மன்னாரிலிருந்து நடந்து வந்த அந்த வடக்குப் பாதையில் வாந்திபேதியால் விழுந்த உயிர்களுக்குள் நடந்தது இதுதான்.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, வந்த ஊரையும் விசாரிக்கத்தானே வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்கள்தான் மண்டபத்தில் ஆட்களைக் கழுவினார்கள். வாந்திபேதியை நிறுத்தியது குழாய்த் தண்ணீரும் சுத்தமான கானும். கண்டியில் அந்தக் கானைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் யார் என்பதை ஊர் அறியும். அறிந்துகொண்டுதான் அவர்கள் விலாசத்தை ஒதுக்குகிறது.

என்னிடம் பெரிய தீர்வு எதுவும் இல்லை. சின்ன வேண்டுகோள் ஒன்று உண்டு. கண்டியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் கடைக்காரர்களே, கம்பனிக்காரர்களே, வங்கிக்காரர்களே: ஒரு பிள்ளைக்கு எங்கே போக விருப்பம், அதற்கு என்ன தகுதி வைத்திருக்கிறாள் என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். விலாசம் வேண்டியது கடிதம் போடத்தான் என்றால், ஆளைத் தெரிவு செய்தபின் கேட்டுக்கொள்ளலாம்; அதுவரை ஒரு தொலைபேசி இலக்கம் போதும். முதலாம் வகுப்பு அனுமதிக்குத் தூரக் கணக்குப் பார்க்கவேண்டியிருப்பதால் பாடசாலைக்கு விலாசம் தேவை. காசாளருக்கும் கணக்கெழுதுபவருக்கும் தேவையில்லை. படிவத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.